மூன்றாம் நாள் காய்ச்சல்: எல்லாருக்கும் மருத்துவம் கிடைப்பது ஏன் எல்லாருக்கும் பாதுகாப்பு

காய்ச்சல் வந்து மூன்றாம் நாள். உடம்பு வலி தாங்கவில்லை, இருமல் வேறு. வீட்டில் இருந்த மாத்திரையைப் போட்டாயிற்று. நாலு மணி நேரம் விட்டது, மறுபடி ஏறிவிட்டது. அவர் தினக்கூலிக்கு வேலை பார்ப்பவர். மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். டாக்டர் ஃபீஸ், இரத்தப் பரிசோதனை, மருந்து, போய்வரும் செலவு என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறார். அட்மிட் ஆகச் சொல்லிவிட்டால் யாரிடம் கடன் கேட்பது? "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்று திரும்பிப் படுக்கிறார். நான்காம் நாள் கொஞ்சம் தேவலை என்று தோன்றியதும் எழுந்து வேலைக்குப் போய்விடுகிறார்.

இவரை நான் கற்பனையாகத்தான் சொல்கிறேன். ஆனால் இப்படி ஒரு கணக்கைப் போடும் மனிதர்கள் இல்லாத நாடு உலகில் குறைவு. அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருப்பதை வைத்துச் சரியாகத்தான் யோசித்திருக்கிறார். வந்தது சாதாரணக் காய்ச்சல் என்றால் நஷ்டம் அவரோடு நின்றுவிடும். பரவுகிற நோய் என்றால், அந்த "இன்னும் ஒரு நாள்" பக்கத்தில் இருப்பவர்கள் எல்லார் தலையிலும் விடியும்.

கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு சமூகத்தின் பாதுகாப்பை அளக்க வேண்டுமென்றால், முதல் காய்ச்சலுக்கும் மருத்துவமனை வாசலுக்கும் இடையில் எத்தனை நாள் கழிகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அந்த நாட்களைக் குறைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் "அனைவருக்கும் சுகாதாரப் பாதுகாப்பு" என்று பெயர். செய்திகளில் அடிக்கடி அடிபடும் சொல். கேட்டால் ஏதோ அரசுத் திட்டத்தின் பெயர் போல இருக்கும். உண்மையில் அது ஒரு கருத்து, ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகச் செய்து பார்த்த கருத்து.

சொல்லுக்கு என்ன பொருள்?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விளக்கத்தை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: யாராக இருந்தாலும், எங்கே இருந்தாலும், தேவைப்படும் மருத்துவ சேவை தேவைப்படும் நேரத்தில், நல்ல தரத்தில் கிடைக்க வேண்டும், அதற்காகக் குடும்பம் கடனில் விழக்கூடாது. சிகிச்சை மட்டும் இதில் வருவதில்லை. நோய் வராமல் தடுப்பது, தடுப்பூசி, மறுவாழ்வு, வலி தணிக்கும் பராமரிப்பு எல்லாம் சேர்ந்ததுதான்.

இதை அளப்பதற்கு மூன்று கேள்விகள் உண்டு. யார் யாருக்குப் பாதுகாப்பு இருக்கிறது? எந்தெந்தச் சேவைகள் அதில் அடங்கும்? செலவில் எவ்வளவு பங்கு நோயாளியின் கையிலிருந்து போகிறது? ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் மக்கள், அகலம் சேவைகள், உயரம் செலவு. உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு அறிக்கை இந்தப் பெட்டிப் படத்தைத்தான் பிரபலமாக்கியது. எந்த நாடும் பெட்டியை முழுதாக நிரப்பிவிடவில்லை. எவ்வளவு நிரப்பியிருக்கிறது, எந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிறது என்பதுதான் பேச்சு.

இந்த மூன்றில் ஒன்றை மட்டும் பார்த்து ஏமாறுவது சுலபம். நாட்டில் எல்லார் கையிலும் காப்பீட்டு அட்டை இருக்கும். ஆனால் அந்த அட்டை மருத்துவமனையில் படுத்தால் மட்டும் செல்லும். வெளிநோயாளியாகப் போய் மருந்து வாங்கினால் செல்லாது. அப்போது நம் மூன்றாம் நாள் காய்ச்சல்காரருக்கு அந்த அட்டையால் என்ன பயன்? அவருக்குத் தேவை ஒரு டாக்டர், ஒரு பரிசோதனை, சில மாத்திரைகள். படுக்கை அல்ல. நோய் முற்றிப் படுக்கைக்கு வந்த பிறகு அட்டை செல்லுபடியாகும், ஆனால் அதற்குள் அவர் எத்தனை பேரோடு பேசி, சாப்பிட்டு, பயணம் செய்திருப்பார்!

அட்டை இருந்து மருத்துவமனை இல்லாத இடமும் உண்டு. கட்டடம் இருந்து டாக்டர் இல்லாத இடம், டாக்டர் இருந்து மருந்து இல்லாத இடம் என்று இந்த வரிசை நீளும். இவை எல்லாமே காகிதத்தில் "பாதுகாப்பு உண்டு" என்ற பட்டியலில்தான் வரும்.

"எல்லாம் இலவசம்" என்றும் இதற்குப் பொருள் இல்லை. யாரோ எங்கேயோ பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எப்போது கொடுக்கிறோம், எப்படிக் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம். நோய் வந்து படுத்த நாளில், வருமானமும் நின்றுபோன நேரத்தில், ஒரே குடும்பம் மொத்தச் செலவையும் தாங்குவது ஒரு வழி. உடம்பு நன்றாக இருக்கும்போதே எல்லாரும் வரியாகவோ சந்தாவாகவோ கொஞ்சம் கொஞ்சம் போட்டு, ஒரு பொது நிதியாகச் சேர்த்து, யாருக்கு நோய் வருகிறதோ அவருக்கு அதிலிருந்து செலவழிப்பது இன்னொரு வழி. ஆயிரம் குடும்பங்களில் இந்த வருடம் பத்துக் குடும்பத்துக்குப் பெரிய நோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பத்து என்று யாருக்கும் தெரியாது. பத்துக் குடும்பத்தின் சுமையை ஆயிரம் குடும்பம் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவருக்கும் நூறில் ஒரு பங்குதான் வரும். இவ்வளவுதான் இதன் அடிப்படைக் கணக்கு.

இந்தக் கணக்கு நிற்க ஒரு நிபந்தனை இருக்கிறது. எல்லாரும் சேர வேண்டும். உடம்பு நன்றாக இருப்பவர்கள் "எனக்கெதற்கு" என்று விலகி, நோயாளிகள் மட்டும் நிதியில் மிஞ்சினால் சந்தா ஏறிக்கொண்டே போய் ஏற்பாடே கவிழ்ந்துவிடும். அதனால்தான் இதைச் சாதித்த நாடுகள் வரி வழியாகவோ சட்டப்படி கட்டாயமான காப்பீடு வழியாகவோதான் சாதித்தன. 1883இல் ஜெர்மனி தொழிலாளர்களுக்கு நோய்க்காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டன் 1948இல் வரிப்பணத்தில் இயங்கும் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியது. ஜப்பான் 1961இல் நாட்டில் எல்லாரையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது.

உலகம் மொத்தமாக எங்கே நிற்கிறது என்று கேட்டால் பதில் நன்றாக இல்லை. உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் சுமார் 450 கோடிப் பேருக்கு அத்தியாவசிய சுகாதார சேவைகள் முழுமையாகக் கிடைக்கவில்லை. அதாவது உலக மக்களில் பாதிக்கும் மேல். 2019இல் சுமார் 200 கோடிப் பேர் மருத்துவத்துக்காகக் கைக்காசு செலவழித்துப் பண நெருக்கடியில் விழுந்தார்கள். "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்று படுப்பவர் அந்த ஒருவர் மட்டும் இல்லை.

நோய் பரவும்போது என்ன ஆகிறது?

சரி, இப்போது கொள்ளைநோய்க்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு நோயாளி சராசரியாக இரண்டு பேருக்கு நோயைக் கொடுக்கிறார், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக ஐந்து நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஒருவர். ஐந்தாம் நாள் 2 பேர், பத்தாம் நாள் 4, பதினைந்தாம் நாள் 8. முப்பதாம் நாளில் புதிதாக 64 பேர். ஆரம்பத்திலிருந்து கூட்டினால் 127 பேர்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். ஒவ்வொருவரும் இரண்டு நாள் முன்னதாக மருத்துவமனைக்கு வந்துவிடுகிறார்கள், அதனால் இரண்டு பேருக்குப் பதில் சராசரியாக ஒருவருக்குத்தான் நோய் போகிறது. அதே முப்பது நாளில் மொத்தம் 7 பேர். 127 எங்கே, 7 எங்கே! புது மருந்து எதுவும் இதில் இல்லை, ஊரடங்கு இல்லை. காய்ச்சல்காரர் கொஞ்சம் சீக்கிரம் வந்தார், அவ்வளவுதான்.

நிஜ வாழ்க்கை இவ்வளவு சுத்தமாக இருக்காது என்பது உண்மைதான். கோவிட்-19 போல, அறிகுறி தெரிவதற்கு முன்பே பரவும் நோயில் சீக்கிரம் வருவது மட்டும் போதாது. ஆனால் எபோலா போன்ற நோயில் அறிகுறி வந்த பிறகுதான் தொற்றும், நோய் முற்ற முற்றத் தொற்றும் வேகம் கூடும். அங்கே ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு.

மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2013 டிசம்பரில் கினி நாட்டின் மெலியாண்டு என்ற கிராமத்தில் ஒரு சின்னக் குழந்தை காய்ச்சலில் இறந்தது. அது எபோலா என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பகுதி அதற்குமுன் எபோலாவைக் கண்டதில்லை. மலேரியாவும் காலராவும்தான் பழக்கப்பட்ட நோய்கள். பரிசோதனை செய்து அது எபோலாதான் என்று உறுதியானபோது 2014 மார்ச் மூன்றாம் வாரம் ஆகிவிட்டது. ஏறத்தாழ மூன்று மாதம் அந்தக் கிருமி கேட்பாரின்றி நடந்து திரிந்தது. கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளும் சேர்ந்து 2016இல் கணக்கு முடித்தபோது 28,600க்கும் மேல் நோயாளிகள், 11,300க்கும் மேல் மரணங்கள்.

எபோலா வருவதற்கு முன்பே லைபீரியாவில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஏறத்தாழ 50 டாக்டர்கள்தான் இருந்தார்கள். நீண்ட உள்நாட்டுப் போரில் மருத்துவ அமைப்பே உடைந்துபோயிருந்த நாடு அது. கையுறைகூடப் போதாத இடங்களில் செவிலியர்கள் நோயாளியைத் தொட்டுத் துடைத்துப் பராமரித்தார்கள். அந்த மூன்று நாடுகளில் நோய் தொற்றியது உறுதியான சுகாதாரப் பணியாளர்கள் 881 பேர், இறந்தவர்கள் 513 பேர். இந்த எண்ணைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. டாக்டர்களும் செவிலியர்களும் முன்பே போதாத ஊரில், இருந்தவர்களையும் நோய் கொண்டுபோனது. மருத்துவமனைக்குப் போனால் சாவு என்று மக்கள் பயந்தார்கள். பயந்தவர்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள், இறந்தவர்களைக் குளிப்பாட்டி அடக்கம் செய்தார்கள், நோய் இன்னும் பரவியது. அப்புறம் எபோலா மட்டுமா? மருத்துவமனைகள் மூடிக்கிடந்ததால் மலேரியாவுக்குச் சிகிச்சை இல்லை, பிரசவத்துக்கு ஆள் இல்லை. அப்படிப் போன உயிர்கள் 11,300க்குள் வராது.

இந்த மறைமுக இழப்பைக் காங்கோ ஜனநாயகக் குடியரசில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அந்நாட்டின் கிழக்கில் 2018 முதல் 2020 வரை எபோலா பரவி ஏறத்தாழ 2,300 பேரைக் கொன்றது. உலகமே அங்கே திரும்பிப் பார்த்தது. அதே காலத்தில் அதே நாட்டில் தட்டம்மை 6,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது, பெரும்பாலும் குழந்தைகள். தட்டம்மைக்குத் தடுப்பூசி பல பத்தாண்டுகளாக இருக்கிறது. விலையும் மலிவு. அது குழந்தையின் கைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். கோவிட் காலத்திலும் இப்படித்தான் நடந்தது. 2021இல் மட்டும் உலகில் சுமார் இரண்டரைக் கோடிக் குழந்தைகள் தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் இருமல் மூன்றுக்கும் போடும் வழக்கமான தடுப்பூசியில் ஒரு தவணையையாவது தவறவிட்டார்கள்.

பரிசோதனை மட்டும் இலவசம் என்றால்?

பரவல் வந்ததும் அரசுகள் பொதுவாகச் செய்வது "பரிசோதனை இலவசம்" என்று அறிவிப்பதுதான். நல்ல விஷயம், ஆனால் பாதிக் கிணறு. காய்ச்சல்காரரின் இடத்திலிருந்து பார்ப்போம். பரிசோதனை இலவசம், சரி. முடிவு "நோய் உண்டு" என்று வந்தால்? சிகிச்சைக்கு யார் காசு? இரண்டு வாரம் தனியாக இரு என்றால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? வேலை திரும்பக் கிடைக்குமா? இதற்கெல்லாம் பதில் இல்லை என்றால், பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் அவருக்கு லாபம். தெரியாத நோயோடு வேலைக்குப் போகலாம். தெரிந்த நோயோடு போக முடியாது.

ஆகவே நோய்த்தடுப்பைப் பற்றி யோசிப்பவர்கள் பரிசோதனை, சிகிச்சை, தனிமைப்படுத்தல் மூன்றையும் ஒரே சங்கிலியாகப் பார்க்கிறார்கள். சம்பளத்தோடு நோய் விடுப்பு, தனிமையில் இருப்பவருக்கு உணவு, வேலைக்கு உத்தரவாதம் ஆகியவை மருத்துவச் செலவுக் கணக்கில் வராது. ஆனால் இவை இல்லாமல் மருத்துவம் வேலை செய்யாது. காசநோய் இதற்குப் பழைய உதாரணம். மருந்தை வழக்கமாக ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். பல நாடுகளில் அந்த மருந்து இலவசம். அப்படியிருந்தும், காசநோய் பாதித்த குடும்பங்களில் ஏறத்தாழ பாதி, ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கின்றன என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. போன கூலி, போய்வரும் செலவு, சத்தான சாப்பாடு என்று இழப்பு பல வழியில் வருகிறது. நடுவில் மருந்தை நிறுத்தியவரிடம் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாற வாய்ப்பு உண்டு. பிறகு அது வேறொருவருக்குப் பரவும்போது பழைய மருந்து அவருக்கு உதவாது.

இன்னொரு தடை பயம். மருத்துவமனையில் கொடுக்கும் பெயரும் முகவரியும் காவல்துறைக்கோ குடியேற்ற அதிகாரிக்கோ போய்விடும் என்று நினைக்கும் ஒருவர் சாகும் நிலைக்கு வரும்வரை வாசலை மிதிக்க மாட்டார். கிருமி யாரிடமும் அடையாள அட்டை கேட்பதில்லை. இதைப் புரிந்துகொண்ட போர்ச்சுகல், 2020 மார்ச்சில், வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த வெளிநாட்டவர்களைத் தற்காலிகமாகச் சட்டப்படியான குடியிருப்பாளர்களாகவே நடத்த முடிவெடுத்தது. அவர்களும் மற்றவர்களைப் போலச் சுகாதார சேவைக்குப் போக முடிந்தது. அதே ஆண்டு சிங்கப்பூர் எதிர்ப்பக்கத்துப் பாடத்தைக் காட்டியது. அங்கே மருத்துவமனைகள் சிறப்பானவை. ஆனால் அந்த ஆண்டு பதிவான கோவிட் தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நெருக்கமாகத் தங்கியிருந்த விடுதிகளில்தான் வந்தன. ஒரு அறையில் பல பேர், பொதுச் சமையலறை, பொதுக் கழிவறை. விலகி இருங்கள் என்று அங்கே யாரிடம் போய்ச் சொல்வது?

பணக்கார நாடுகளுக்கு மட்டும்தானா?

"இதெல்லாம் காசு உள்ள நாடுகளுக்குச் சரி" என்ற பேச்சு எப்போதும் வரும். தாய்லாந்தின் கதை அதற்குப் பதில். 1997இல் ஆசியப் பொருளாதார நெருக்கடி அந்த நாட்டிலிருந்துதான் தொடங்கியது. அதிலிருந்து எழுந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை, 2002இல் நாடு முழுவதற்கும் சுகாதாரப் பாதுகாப்பைக் கொண்டுவந்துவிட்டார்கள். அரசு ஊழியருக்கும் முறைசார்ந்த நிறுவனத் தொழிலாளருக்கும் முன்பே திட்டங்கள் இருந்தன. விட்டுப்போன எல்லாரையும் புதுத் திட்டத்தில் சேர்த்தார்கள். ஒரு முறை போனால் 30 பாட் கட்டணம், அதனால் "முப்பது பாட் திட்டம்" என்றே மக்கள் அழைத்தார்கள். ஏழைகளுக்கு அதுவும் இல்லை.

எனக்கு இதில் கட்டணத்தைவிட முக்கியமாகப் படுவது, அதற்கு முன் பல ஆண்டுகள் அவர்கள் கிராமப்புறத்தில் மாவட்ட மருத்துவமனைகளையும் சிறிய சுகாதார நிலையங்களையும் கட்டிவைத்திருந்தது. படித்து முடித்த இளம் டாக்டர்கள் கிராமத்தில் பணிசெய்ய வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஆகவே 2002இல் மக்களுக்கு உரிமை வந்தபோது, அந்த உரிமையைக் கொண்டுபோய்க் காட்ட ஒரு வாசல் இருந்தது. அதோடு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிராம சுகாதாரத் தன்னார்வலர்கள். அவரவர் தெருவில் பத்துப் பதினைந்து வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கம்பக்கத்து ஆட்கள். சர்க்கரை நோயாளிக்கு மருந்து தீர்ந்துவிட்டதா, கர்ப்பிணி பரிசோதனைக்குப் போனாரா, தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பது அவர்களின் அன்றாட வேலை. சீனாவுக்கு வெளியே முதல் கோவிட் நோயாளியை 2020 ஜனவரி 13 அன்று தாய்லாந்து உறுதிசெய்தது. அதன்பின் மாதக்கணக்கில் இந்தத் தன்னார்வலர்கள்தான் வீடு வீடாகப் போய், யார் வெளியூரிலிருந்து வந்திருக்கிறார்கள், யாருக்குக் காய்ச்சல் என்று பார்த்தார்கள். கதவைத் தட்டியது தெரிந்த முகம் என்பதால் கதவு திறந்தது.

அத்தியாவசிய சேவைகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தை ஆரம்ப சுகாதார மட்டத்திலேயே கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆரம்ப சுகாதாரம்தான் அடித்தளம் என்பதை 1978இலேயே அல்மா-ஆட்டாவில் (இன்றைய கஜகஸ்தானின் அல்மாட்டி நகரம்) கூடிய மாநாடு உலகத்துக்கு எடுத்துச் சொன்னது. பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா நடத்தலாம். சின்ன சுகாதார நிலையத்தில் மருந்து தீராமல் இருப்பதற்கு யாரும் விழா எடுப்பதில்லை. ஆனால் பரவலின் முதல் நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருவதில்லை. அவர் வருவது இந்தச் சின்ன இடத்துக்குத்தான். அங்கே இருக்கும் செவிலியர் "இந்த வாரம் இப்படி நாலாவது ஆள்" என்று கவனித்து மேலே சொன்னால்தான் நாட்டுக்கே செய்தி போகும். சர்வதேச ஆபத்தாகக்கூடிய நிகழ்வு என்று மதிப்பிட்டால் 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2007இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிகளின் நிபந்தனை. அந்த 24 மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே, யாராவது ஒருவர் முதலில் கவனித்த பிறகுதான்.

இது மட்டும் போதுமா?

போதாது, இதை மறைக்கக் கூடாது. பிரிட்டனில் 1948 முதல் எல்லாருக்கும் மருத்துவம் உண்டு. ஆனாலும் கோவிட்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அந்த நாடு இழந்தது. தென் கொரியா 1989லேயே எல்லாரையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆனால் 2015இல் ஒரே ஒரு பயணி மூலம் மெர்ஸ் என்ற சுவாச நோய் நுழைந்தபோது, அவரையும் சேர்த்து 186 பேருக்கு நோய் வந்து 38 பேர் இறந்தார்கள். எங்கே பரவியது தெரியுமா? மருத்துவமனைகளில். கூட்டம் நெரியும் அவசர சிகிச்சைப் பிரிவுகள், நோயாளியோடு கூடவே தங்கும் உறவினர்கள், ஒரு மருத்துவமனையில் திருப்தி இல்லை என்று அடுத்ததற்குப் போகும் பழக்கம். மருத்துவம் தாராளமாகக் கிடைத்தது. தொற்றுத் தடுப்பு ஒழுங்கு இல்லை. அந்த அடியிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டார்கள். பரிசோதனைக் கருவிகளுக்கு அவசர அனுமதி, தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் அதிகாரம், தொற்று நோயாளிக்குத் தனி வழி என்று சட்டத்தையும் மருத்துவமனையையும் மாற்றினார்கள். 2020இல் கோவிட் வந்தபோது உலகமே அவர்களின் பரிசோதனை வேகத்தைப் பார்த்து வியந்தது.

ஆக இரண்டு சக்கரம். ஒன்று எல்லாருக்கும் திறந்திருக்கும் அன்றாட மருத்துவம். இன்னொன்று ஆய்வகம், கண்காணிப்பு, தொடர்புகளைத் தேடும் பயிற்சி பெற்ற ஆட்கள், பணியாளருக்குப் பாதுகாப்பு உடை என்ற அவசரகால ஏற்பாடு. இரண்டுக்கும் தனித்தனி அமைச்சகம், தனித்தனி நிதி என்று பிரித்து வைத்தால் இரண்டுமே நொண்டும். இரண்டிலும் பெரும்பாலும் அதே மனிதர்கள்தான் வேலை செய்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள நைஜீரியாவில் நடந்ததைச் சொல்கிறேன்.

2014 ஜூலை 20. எபோலா தொற்றிய ஒரு பயணி விமானத்தில் லாகோஸ் வந்து இறங்கினார். லாகோஸ் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் நெருங்கி வாழும் நகரம். அரசு டாக்டர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்ததால் அவரை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மூத்த டாக்டர் அமெயோ அடாடெவோ, மலேரியா என்று விட்டுவிடாமல் எபோலாவாக இருக்குமோ என்று சந்தேகித்தார். அனுப்பிவிடச் சொல்லி வந்த நெருக்குதலுக்கு மசியாமல், பரிசோதனை முடிவு வரும்வரை நோயாளியை அங்கேயே வைத்துக்கொண்டார். அவருக்கும் நோய் தொற்றியது. ஆகஸ்ட் 19 அன்று இறந்தார்.

அவர் கொடுத்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஆட்கள் தயாராக இருந்தார்கள். நைஜீரியா அந்தச் சமயம் எல்லாருக்கும் சுகாதாரப் பாதுகாப்பு என்ற இலக்கிலிருந்து வெகுதூரத்தில் இருந்த நாடு. ஆனால் போலியோவை ஒழிக்க வீடு வீடாகப் போய்ப் பழகிய ஒரு படை அங்கே இருந்தது. வரைபடம் இருந்தது, தகவல் மையம் இருந்தது, எந்தத் தெருவில் யாரைக் கேட்டால் வழி சொல்வார்கள் என்ற அனுபவம் இருந்தது. அந்த ஏற்பாட்டையே எபோலா பக்கம் திருப்பினார்கள். நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்கள் என்று 894 பேரைக் கண்டுபிடித்தார்கள். தினமும் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். கதவுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நின்று காய்ச்சல் இருக்கிறதா, வாந்தி உண்டா என்று கேட்டு, வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். 21 நாள் இப்படி. மொத்தம் ஏறத்தாழ 18,500 முறை நேரில் போனார்கள். நோய் 20 பேரோடு நின்றது. 8 பேர் இறந்தார்கள். எபோலா தொற்றியபின் அறிகுறி தெரிய அதிகபட்சம் 21 நாள் ஆகும். அதைப் போல இரு மடங்கு, 42 நாள், புதிய நோயாளி இல்லாமல் கழிந்த பிறகு, அக்டோபர் 20 அன்று உலக சுகாதார நிறுவனம் நைஜீரியாவை எபோலா இல்லாத நாடாக அறிவித்தது.

போலியோவுக்கான வீட்டு வருகைகளும் நிற்கவில்லை. 2020 ஆகஸ்ட் 25 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிராந்தியம் முழுவதும் இயற்கை வகைப் போலியோ வைரஸ் இல்லாதது என்று சான்று பெற்றது. அந்தப் பிராந்தியத்தில் கடைசியாக அந்த நிலைக்கு வந்த நாடு நைஜீரியா.